தோல் மேற்சட்டையின் உள்துணி

தோல் மேற்சட்டையின் உள்துணி என்பது தோலால் தைக்கப்படும் மேற்சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைக்கப்படும் துணி ஆகும். தையற்காரர்கள் இதனை லைனிங் என்று அழைப்பர். இது தோலின் கரடான உட்பக்கத்தையும் தையல் விளிம்புகளையும் மறைக்கிறது. சட்டையை எளிதாக அணியவும் கழற்றவும் உதவுகிறது. வியர்வை நேரடியாகத் தோலில் படிவதைக் குறைக்கிறது.

நன்கு பேணப்படும் தோல் பல பத்தாண்டுகள் நிலைக்கக்கூடியது. உள்துணியோ பெரும்பாலும் அதற்கு முன்னரே கிழிந்துவிடுகிறது. அதனை முழுமையாக மாற்றத் தோலின் தையல்களையும் பிரிக்க வேண்டியிருக்கும். தோலில் ஊசி இட்ட துளைகள் மீண்டும் மூடிக்கொள்வதில்லை. ஆகவே, அளவெடுத்துத் தைக்கும்போதே உழைக்கும் துணியைத் தெரிவு செய்வது இன்றியமையாதது.

== தேய்வதற்கான காரணங்கள் ==

* '''உராய்வு''' - கழுத்து, அக்குள், கைமுனை, உட்பையின் வாய் ஆகிய இடங்கள் முதலில் தேய்கின்றன.
* '''இழுவிசை''' - தோல் உடலுக்கேற்பச் சற்று நீண்டு கொடுக்கும். நெய்த துணி அவ்வாறு நீளாது. கைகளை முன்னே நீட்டும்போது விசை முழுவதும் துணியின் முதுகுத் தையலில் விழுகிறது.
* '''வியர்வை''' - தோல் சட்டையைப் பொதுவாக நீரில் துவைப்பதில்லை. எனவே வியர்வையின் உப்பும் ஈரமும் துணியிலேயே தங்கி இழைகளை நலிவடையச் செய்கின்றன.

உராய்வைத் தாங்கும் திறனை அளக்க மார்ட்டின்டேல் சோதனை பயன்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 12947 தரநிலையில் விளக்கப்பட்டுள்ள இச்சோதனையில், துணித்துண்டு ஒரு தரக் கம்பளித் துணியின் மீது குறிப்பிட்ட அழுத்தத்தில் தேய்க்கப்படுகிறது. இழை அறுபடும் வரையிலான சுற்றுகள் எண்ணப்படுகின்றன.

== துணி வகைகள் ==

* '''பருத்தி''' - சாய்வரி நெசவுப் பருத்தி உறுதியானது. நனைந்தாலும் வலிமை குறையாது. ஆனால் வழுக்காது, கைப்பகுதியில் உட்சட்டையைப் பற்றி இழுக்கும். 1931 இல் அமெரிக்க இராணுவ வான்படைப் பிரிவு ஏற்ற ஏ-2 வகை விமானிச் சட்டைகள் பெரும்பாலும் பருத்தி உள்துணி கொண்டவை.
* '''விஸ்கோஸ் ரேயான்''' - மென்மையானது, ஈரத்தை நன்கு உறிஞ்சும். ஆனால் நனையும்போது ஏறத்தாழப் பாதி வலிமையை இழக்கிறது.
* '''குப்ரோ''' - பருத்தி விதையில் ஒட்டியுள்ள குறு இழைகளிலிருந்து செய்யப்படுவது. வழுவழுப்பும் ஈரம் உறிஞ்சும் தன்மையும் ஒருங்கே கொண்டது, விலை கூடியது.
* '''அசெட்டேட்''' - பளபளப்பானது, ஆனால் உராய்வை அதிகம் தாங்காது.
* '''பாலியெஸ்டர்''' - உராய்வைத் தாங்கும், பூஞ்சையால் மக்காது. இயல்பு நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8% ஈரம் ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பதோ சுமார் 0.4% மட்டுமே. ஆதலால் வெப்பநாட்களில் புழுக்கம் தரும்.
* '''நைலான்''' - இவற்றுள் உராய்வை மிகுதியாகத் தாங்குவது. ஈர ஏற்பு சுமார் 4%.

== விசையுந்து ஓட்டுநர்கள் ==

விசையுந்து ஓட்டுநருக்கு உள்துணி பாதுகாப்பு சார்ந்ததும் ஆகும். பாலியெஸ்டர் சுமார் 260 பாகை செல்சியசில் உருகுகிறது. சாலையில் சறுக்கி விழும்போது தோல் தேய்ந்து ஓட்டை விழுந்தால், உராய்வு வெப்பத்தில் உருகிய இழை உடலில் ஒட்டிக் காயத்தைக் கடுமையாக்கக்கூடும். பருத்தி உருகுவதில்லை. கெவ்லார் போன்ற அராமிட் இழைகளும் உருகுவதில்லை. எனவே தோள், முழங்கை ஆகிய இடங்களில் அவை கூடுதல் அடுக்காக வைக்கப்படுவதுண்டு.

== தெரிவும் தையலும் ==

ஒரே துணியைச் சட்டை முழுவதும் இட வேண்டியதில்லை. உடற்பகுதிக்குப் பருத்தியும் கைப்பகுதிக்கு வழுக்கும் துணியும் இடுவது நல்ல தெரிவாகும். நெருக்கமான நெசவு விரும்பத்தக்கது. சாட்டின் நெசவில் நீண்ட இழைகள் மேலே மிதப்பதால் அவை எளிதில் சிக்கி அறும்.

வாங்கும் முன் இரு துண்டுகளை இணைத்துத் தைத்து, தையலுக்குக் குறுக்காக இழுத்துப் பார்க்கலாம். தையல் ஓரத்தில் இழைகள் விலகி இடைவெளி தெரிந்தால் அத்துணியைத் தவிர்க்க வேண்டும்.

உள்துணியின் முதுகு நடுவில் 2 முதல் 3 செ.மீ. மடிப்பு விடுவது அவசியம். கைகளை நீட்டும்போது இம்மடிப்பு விரிந்து இழுவிசையை ஏற்கும். மடிப்பு இல்லாவிடில் விலை உயர்ந்த துணியும் விரைவில் தையலோரம் கிழிந்துவிடும்.