கடவுச்சொல் மட்டும் போதுமா?

கணக்குப் பதிவேடுகளும் சம்பளப் பட்டியலும் நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில் இருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று அவை எங்கோ உள்ள தரவு மையத்தில் இருக்கின்றன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும் உலகின் எந்த மூலையிலிருந்தும் அவற்றைத் திறக்கலாம். இந்த வசதியே ஆபத்தாக மாறக்கூடும் என்பதை 2024-ஆம் ஆண்டு உணர்த்தியது.

அமெரிக்காவின் ஸ்னோஃப்ளேக் நிறுவனத்தில் தரவுகளைச் சேமித்திருந்த வாடிக்கையாளர் நிறுவனங்களின் கணக்குகளுக்குள் அந்த ஆண்டு திருடர்கள் நுழைந்தனர். பாதிக்கப்பட்டிருக்கலாம் என எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் சுமார் 165. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஏறத்தாழ அனைத்துக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 2022-ஆம் ஆண்டு அழைப்புப் பதிவுகள் பறிபோயின.

பூட்டு உடைக்கப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. தீநிரல்கள் வழியாக முன்பே களவாடப்பட்ட கடவுச்சொற்களே பயன்பட்டதாக மாண்டியன்ட் நிறுவனத்தின் ஆய்வு கூறியது. அவற்றில் சில 2020-லேயே திருடப்பட்டவை. பாதிக்கப்பட்ட கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. குறிப்பிட்ட இணைய முகவரிகளிலிருந்து மட்டுமே நுழையலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

அதென்ன கட்டுப்பாடு? இணையத்தில் இணையும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. அலுவலகத்தின் எண்ணை மென்பொருளில் பதிந்துவிட்டால், வேறு எண்ணிலிருந்து சரியான கடவுச்சொல்லே வந்தாலும் கதவு திறக்காது. சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற வணிக மென்பொருள்களில் இந்த வசதி முன்பே உள்ளது.

பிறகு ஏன் பலர் பயன்படுத்துவதில்லை? பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் புலப்படும் காரணம் இது: கட்டுப்பாட்டின் செலவையும் சிரமத்தையும் நிறுவனம் சுமக்கிறது, தரவு திருடுபோனால் இழப்பில் பெரும்பகுதியை வாடிக்கையாளர் சுமக்கிறார். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை விளக்க நாங்கள் வகுப்பில் கற்பிக்கும் 'புறவிளைவு' இங்கும் பொருந்தும்.

இக்கட்டுப்பாடு சர்வரோக நிவாரணி அன்று. வீட்டு இணைப்புகளின் முகவரி அடிக்கடி மாறும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்வதால், அதை அனுமதித்தால் அயலாருக்கும் வழி திறக்கும். வெளியூர் செல்லும் விற்பனையாளர் வி.பி.என். வழியாக அலுவலக வலையமைப்புக்குள் வரலாம். ஆனால், அந்த வாயிலுக்கும் காவல் வேண்டும். 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத பழைய வி.பி.என். கணக்கு வழியாகத்தான். அலுவலகக் கணினியிலேயே தீநிரல் புகுந்துவிட்டால், முகவரிக் கட்டுப்பாடு அதைத் தடுக்காது.

எனவே, அனைவருக்கும் ஒரே விதி பொருந்தாது. சம்பளம், வங்கிப் பரிவர்த்தனை, நிர்வாகி அதிகாரம் ஆகிய கணக்குகளுக்கு முகவரிக் கட்டுப்பாடு வேண்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லோருக்கும் வேண்டும். பணியிலிருந்து விலகியவரின் கணக்கு அன்றே முடக்கப்பட வேண்டும். அலுவலக இணைப்பு பழுதானால் நிர்வாகியே வெளியில் நிற்க நேராதபடி, பாதுகாப்பான மாற்று வழி ஒன்றும் தேவை.

மென்பொருள் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2024 நிகழ்வுக்குப் பின்னர், புதிய கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயல்பாகவே கட்டாயமாக்க ஸ்னோஃப்ளேக் முடிவு செய்தது. பாதுகாப்பை விரும்பியவர் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதைவிட, வேண்டாதவர் காரணம் கூறி விலக்கிக்கொள்ளட்டும் என்று வைப்பதே முறை. ஏனெனில், அந்தப் பதிவேடுகளில் இருப்பவை நிறுவனத்தின் ரகசியங்கள் மட்டுமல்ல. நம் பெயரும் எண்ணும் வரவு செலவும்கூட.