பழைய வாத்தியத்தின் குரல்

எங்கள் கொட்டாம்பட்டியைப் போலவே உங்கள் ஊர்த் திருவிழாவிலும் நாகசுரம் ஒலித்திருக்கும். அதில் திமிரி, பாரி என இரு வகை உண்டு. திமிரி குட்டை; சுருதி அதிகம். பாரி நீளம், சுருதி குறைவு. காரணம் என்ன? குழலிலுள்ள காற்றுத் தம்பம் நீண்டால் அலைநீளம் கூடும், அதிர்வெண் குறையும். முன்பு திமிரியே பெருவழக்கு. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியைப் பரப்பினார்.

ஐரோப்பாவிலும் வாத்தியங்கள் மாறின. ஆயினும், பாக் (1685–1750) தேவாலயத்துக்கு இயற்றிய சேர்ந்திசையை அக்கால வாத்தியங்களோடு பாடும் குழுக்கள் இன்று பல. இவை பெரும்பாலும் 'லா' சுரத்தை 440 ஹெர்ட்சில் அல்ல, 415 ஹெர்ட்சில் வைக்கின்றன. சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் தாழ்வதால் உச்ச சுரம் தொண்டையை வருத்தாது. ஆட்டுக்குடல் தந்தியின் மெல்லொலி பாடகர் குரலை அமுக்காது.

வாத்தியம் மாறினால் பாட்டின் குரலும் மாறும். எங்கேனும் திமிரி ஒலித்தால் நின்று கேளுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா கேட்ட சுருதி அதுவாக இருக்கலாம்!