மாமியார் தந்த சம்பங்கிக் கிழங்கு



2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. நம்ம மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு திண்டிவனம் பக்கம் ஒரு சம்பங்கித் தோட்டத்துக்குப் போனேன். செடியைப் பிடித்து இழுத்தால் கிழங்கு கூழாகக் கையோடு வருகிறது. "எங்க மாமியார் குடுத்த கிழங்கு சார். இத்தனை வருஷமா வெளியில கிழங்கு வாங்கினதே இல்லை" என்று சொல்லி அந்த அம்மா கண் கலங்கினார். மழைக்கு முன்னாலேயே வடிகால் வெட்டச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். தவறிவிட்டேன். நல்ல காலம், கட்டிக் கொடுத்த மகள் ஒரு கூடைக் கிழங்கை வாங்கிப் போய்த் தன் வீட்டு மேட்டில் நட்டு வைத்திருந்தாள். தாய் வீட்டுச் சீதனம் திரும்பத் தாய் வீட்டுக்கே விதையாக வந்தது.

எதற்காக இந்தக் கதை என்று கேட்பீர்கள். பழைய கிழங்கைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

சம்பங்கி மெக்சிகோ நாட்டில் பிறந்த பயிர். நம்ம ஊரில் வெகுகாலமாக உள்ள ரகம் ஒற்றை அடுக்குப் பூ. மாலை கட்டுவதற்கும் வாசனைக்கும் இதுதான் ஏற்றது. அடுக்குச் சம்பங்கி பெரும்பாலும் பூங்கொத்துக்குப் போகிறது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சிருங்கார், பிரஜ்வல் என்ற ஒற்றை ரகங்களை ஒட்டுச் சேர்த்து வெளியிட்டிருக்கிறது. அவற்றையும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய கிழங்கோடு கலந்து நடாதீர்கள். கலந்துவிட்டால் இலையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பூக்கும் காலத்தில் நல்ல குத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

கிழங்கு எடுப்பது

ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்துப் பூக்கும். அதனால்தான் மூன்று வருஷத்துக்கு மேல் பிரிக்காமல் விட்டால் குத்து நெருங்கி, இலை மட்டும் மண்டி, பூத்தண்டு குட்டையாகிறது. கோடையில் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்ததும் தோண்டி எடுங்கள். மண்ணை உதறி, வேரைக் கிள்ளி, நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிக் கொடுங்கள். குவித்து வைத்தால் வெந்து போகும். 30 நாள் ஓய்வு கொடுத்த பிறகுதான் நடவு.

நடவுக்கு 25 முதல் 35 கிராம் எடையுள்ள கிழங்கே சரியானது. பொடிக் கிழங்கை எறிய வேண்டாம். தனிப் பாத்தியில் நட்டு வளர்த்தால் பின்னால் பயன்படும்.

நடவு

ஜூன், ஜூலை மாதம் ஏற்ற பருவம். பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் 45-க்கு 20 சென்டி மீட்டர் இடைவெளியில், இரண்டரை சென்டி மீட்டர் ஆழத்தில் நடுங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு சென்ட்டுக்கு 450 கிழங்கு வரும். 30 கிராம் எடை என்றால் பதிமூன்றரை கிலோ. ஏக்கருக்கு 10 டன் தொழு உரமும், தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 80 கிலோவும் பொதுவான அளவு. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி போடுங்கள்.

அழுகலும் நூற்புழுவும்

செடியின் அடியில் வெள்ளைப் பூசணம் படர்ந்து, கடுகு போல உருண்டைகள் தெரிந்தால் அது தண்டழுகல். அந்தக் குத்தை மண்ணோடு எடுத்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள். நடும்போதே வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து இடுவது நல்லது.

உரம் போட்டும் செடி மஞ்சளித்துக் குன்றி நின்றால் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இது கிழங்கோடு ஊர் விட்டு ஊர் போகும். அப்படிப்பட்ட தோட்டத்துக் கிழங்கை, சொந்த அண்ணன் தம்பி கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த நிலத்தில் ஒரு போகம் தண்ணீர் கட்டி நெல் போட்டாலோ, துலுக்கச் சாமந்தி வைத்தாலோ நூற்புழு குறையும்.

கடைசியாக மூன்று காரியம். ஐப்பசி மழைக்கு முன் வடிகாலை ஆழப்படுத்துங்கள். தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் 2 சென்ட் அளவாவது விதைக்கென்று ஒதுக்குங்கள். அதிலிருந்து ஒரு கூடையை வேறு ஊரில் இருக்கிற மகளுக்கோ, சம்பந்திக்கோ கொடுத்து வையுங்கள். ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். கொடுத்த கிழங்கு கெட்டுப் போவதில்லை, பெருமக்களே.