பெர்ன்காஸ்டல்-கூஸ்

பெர்ன்காஸ்டல்-கூஸ் என்பது ஜெர்மனியின் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில், மோசெல் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள சிறு நகரமாகும். வலக்கரையில் பெர்ன்காஸ்டலும் இடக்கரையில் கூஸும் உள்ளன. தனித்தனி ஊர்களாக இருந்த இவை 1905-இல் ஒரே நகரமாக இணைக்கப்பட்டன. இங்கு ஏறத்தாழ 7,000 பேர் வாழ்கின்றனர். திராட்சை மது தயாரிப்பே நகரின் அடையாளம்.

புவியியல்

பிரான்சின் வோஷ் மலைகளில் தோன்றும் மோசெல் ஆறு, சுமார் 544 கி.மீ. ஓடி, கோப்லன்ஸ் நகரில் ரைன் ஆற்றுடன் கலக்கிறது. இப்பகுதியில் அது பாம்பு போல் வளைந்து செல்கிறது. கரையோர மலைச்சரிவுகள் மிகவும் செங்குத்தானவை.

இந்நகரம் ஏறத்தாழ 50 பாகை வட அட்சத்தில் உள்ளது. இவ்வளவு குளிர்ந்த இடத்தில் திராட்சை எவ்வாறு பழுக்கிறது? தெற்கு நோக்கிய சரிவுகளில் சூரிய ஒளி நேராக விழுகிறது. அங்குள்ள கருஞ்சிலேட்டுப் பாறை பகலில் வெப்பத்தை உள்வாங்கி இரவில் மெல்ல வெளியிடுகிறது. நம் பள்ளிகளில் முன்பு பயன்பட்ட கல் சிலேட்டும் இவ்வகைப் பாறையே. இதனால் மெதுவாகப் பழுக்கும் 'ரீஸ்லிங்' வகை இங்கு நன்கு விளைகிறது. செங்குத்துச் சரிவில் டிராக்டர் ஏறுவது கடினம். ஆகவே கவாத்து, அறுவடை முதலிய வேலைகளில் பெரும்பகுதி கையாலேயே நடைபெறுகிறது.

வரலாறு

பெர்ன்காஸ்டலுக்கு 1291-இல் மன்னர் முதலாம் ருடால்ஃப் நகர உரிமை வழங்கினார். ஊருக்கு மேலுள்ள லாண்ட்ஷுட் கோட்டை 1692-இல் தீக்கிரையாகி, இன்று இடிபாடாக நிற்கிறது. சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிப் பழைய மரச்சட்ட வீடுகள் உள்ளன.

இப்பகுதி 1815-இல் பிரஷ்யாவின் ஆட்சிக்கு வந்தது. தொடக்கத்தில் சுங்கவரிப் பாதுகாப்பால் மது நல்ல விலைக்கு விற்றது. 1834-இல் ஜெர்மானியச் சுங்க ஒன்றியம் உருவானதும் தென்பகுதி மதுவகைகள் வரியின்றி வந்தன. விலை சரிந்தது, உழவர்கள் கடனில் மூழ்கினர். அருகிலுள்ள டிரியர் நகரில் பிறந்த கார்ல் மார்க்ஸ், 1843 ஜனவரியில் இவர்களின் துயரைப் பற்றி நாளிதழில் எழுதினார். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தம்மைத் திருப்பியவற்றுள் இதுவும் ஒன்று என அவரே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

கூஸின் முதியோர் இல்லம்

மெய்யியலாளரும் கர்தினாலுமான நிக்கோலஸ் 1401-இல் கூஸில் பிறந்தார். வறிய முதியவர்கள் 33 பேர் தங்குவதற்கு 1458-இல் இங்கு ஓர் இல்லத்தை நிறுவினார். இயேசு வாழ்ந்ததாகக் கருதப்படும் ஆண்டுகளின் எண்ணிக்கையே 33. இல்லத்தின் செலவுக்குத் திராட்சைத் தோட்டங்களும் நிலங்களும் எழுதிவைக்கப்பட்டன. அவரது உடல் ரோமில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் இவ்வில்லத்தின் சிற்றாலயத்தில் உள்ளது. அவர் சேர்த்த 300-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளும் இங்கேயே பாதுகாக்கப்படுகின்றன.

ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் அது முதியோர் இல்லமாகவே இயங்கிவருகிறது. ஒரு நிலையான வருவாயுடன் தொடங்கப்படும் அறம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.