மலைச்சாலைக்கு ஏன் இவ்வளவு செலவு?

ஐரோப்பாவின் சிறு நாடான மாண்டினீக்ரோவில் 2022 ஜூலையில் 41 கி.மீ. நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 கோடி யூரோ செலவு! இதற்காகச் சீன எக்ஸிம் வங்கி தந்த கடன் மட்டுமே சுமார் 94 கோடி டாலர்.

ஏன் இத்தனை செலவு?

பழைய மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும். விரைவுச் சாலைக்கு அது ஒத்துவராது. வேகமாக வரும் வண்டி குறுகிய வளைவில் சறுக்கிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் லாரி திணறும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால் குறுக்கே வரும் மலையைக் குடைந்து சுரங்கமும், பள்ளத்தாக்கைத் தாண்டப் பாலமும் கட்டுகிறார்கள். இந்தச் சாலையில் பாதிக்கும் மேல் இவைதான்.

பாலம் எப்படி நின்றது?

இந்தச் சாலையில் உள்ள மொராச்சிட்சா பாலம் தரையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட முடியாது. எனவே ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் இருபுறமும் கான்கிரீட் துண்டுகளை மாறி மாறி நீட்டினார்கள். தராசுத் தட்டுகளைப் போல இரு பக்க எடையும் சமமாக இருந்ததால் தூண் சாயவில்லை. அடுத்தடுத்த தூண்களின் கைகள் நடுவில் இணைந்ததும் பாலம் முழுமையானது.

கடன் ஏன் கனத்தது?

நாட்டின் வருமானம் யூரோவில், கடனோ டாலரில். டாலர் மதிப்பு ஏறினால், அதே தவணைக்குக் கூடுதல் யூரோ வேண்டும். சுரங்கம் குடையும் முன் பாறையின் உறுதியைச் சோதிப்பதுபோல் கடன் நிபந்தனைகளையும் முன்பே சோதிக்க வேண்டும்.