மலைப்பூண்டும் முனைவர் பட்டமும்: உணவு அறிவியலில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு என்ன பாதை இருக்கு?

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது)

கொடைக்கானல் போனவங்க பூம்பாறை வரைக்கும் போயிருப்பீங்க. அதையும் தாண்டிப் போனா கூக்கால். ஏரி, படிப்படியா இறங்குற வயல், அதுல பூண்டு. இந்தப் பக்கத்து ஊர்கள்ல விளையிற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுக்கான வேலையைச் செஞ்சது எந்தப் பெரிய கம்பெனியும் இல்ல. கொடைக்கானல்லயே இருக்குற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். 1984-ல பெண்களுக்காகவே தொடங்கின பல்கலைக்கழகம் அது.

சமையல்கட்டுல கிடக்குற ஒரு பொருள், ஆய்வகத்துக்குப் போய், சட்டப் பாதுகாப்போட திரும்பி வந்திருக்கு. உணவு அறிவியல்னா என்னன்னு கேட்டா இதைத்தான் காட்டுவேன். இந்தத் துறையில பேராசிரியர் ஆகணும்னு நினைக்கிற ஒரு முஸ்லிம் பொண்ணுக்கு வழி எப்படி இருக்குங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

பூண்டுக்குள்ள என்ன நடக்குது?

முழுப் பூண்டுக்குப் பெருசா வாசனை கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? அல்லீன்னு ஒரு பொருளும் அல்லீனேஸ்னு ஒரு நொதியும் உள்ள தனித்தனி அறையில இருக்கு. நசுக்கினதும் ரெண்டும் சேர்ந்து அல்லிசின் உருவாகுது. அந்தக் காரமும் வாடையும் அதுதான். நசுக்காம அப்படியே சூடு பண்ணினா நொதி செத்துடும், அல்லிசின் உருவாகாது. அதனாலதான் நசுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் வச்சிட்டு அப்புறம் அடுப்புல போடச் சொல்றாங்க.

இந்தப் பூண்டைப் பத்தி 2004-ல ஒரு முக்கியமான ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு. பூண்டோட புற்றுநோய் எதிர்ப்புத் தன்மை பத்தி அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளை அலசுன கட்டுரை. முதல் ஆசிரியர் பேரு ஃபர்ஹத் கானம். மைசூர்ல இருக்குற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகத்தோட விஞ்ஞானி. ராணுவ வீரர்களுக்கான உணவை உருவாக்குற ஆய்வகம் அது, 1961-ல ஆரம்பிச்சது. பூண்டு சாப்பிட்டா புற்றுநோய் வராதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. வாட்ஸ்அப்ல வர்ற கதைக்கும் ஆய்வு சொல்றதுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை அளக்குறதுதான் இவங்க மாதிரி ஆட்களோட வேலை.

படிக்கட்டு எப்படி இருக்கு?

பாதை கேக்க ரொம்ப சிம்பிள். இளநிலை, முதுநிலை, நெட் தேர்வு, பிஎச்டி, அப்புறம் உதவிப் பேராசிரியர். ஆனா முதல் வளைவுலயே நிறையப் பேர் தடுமாறுறாங்க. யுஜிசி நெட்ல "உணவு அறிவியல்"னு தனித் தாள் கிடையாது. உணவும் ஊட்டச்சத்தும் படிச்சவங்க "மனையியல்" தாள் எழுதணும். உணவுத் தொழில்நுட்பம் படிச்சவங்களுக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்துற நெட்ல தாள் இருக்கு, கேட் தேர்வுலயும் பிரிவு இருக்கு. எந்தப் பட்டம் எந்தத் தேர்வுக்கு வழி விடும்னு காலேஜ் சேரும்போதே பார்த்துக்கோங்க.

தமிழ்நாட்டுல கல்லூரி வாசல் வரைக்கும் வர்றதுக்கு உதவி இருக்கு. 2007-ல இருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1955-லயே, நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில பெண்களுக்காக எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். இப்ப அது அவர் பேர்லயே இருக்கு. வீட்டுல "பொண்ணுங்க காலேஜ்னா சரி"ன்னு சொன்ன காலத்துல, அந்த ஒரு "சரி"தான் பலருக்குக் கதவைத் திறந்துச்சு.

உண்மையான சிக்கல் எங்க?

முதுநிலை முடிக்கும்போது வயசு 22, 23. பிஎச்டி முடிய இன்னும் நாலஞ்சு வருஷம். கல்யாணப் பேச்சு வர்றதும் அதே நேரம். அப்ப கையில மாசாமாசம் வர்ற உதவித்தொகை வெறும் காசு இல்ல, வீட்டுல பேசுறதுக்கு ஒரு பலம். "படிச்சுக்கிட்டே சம்பாதிக்கிறேன்"னு சொல்ல முடியும்ல?

அந்த இடத்துலதான் ஒரு அடி விழுந்துச்சு. சிறுபான்மை மாணவர்களோட ஆராய்ச்சிப் படிப்புக்கு 2009-ல இருந்து கொடுத்துட்டிருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23-ல இருந்து நிறுத்திட்டாங்க. வேற திட்டங்களோட ஒத்துப்போகுதுங்கிறது மத்திய அரசு சொன்ன காரணம். ஆனா எல்லாருக்கும் பொதுவான திட்டத்துல போட்டி போட்டு ஜெயிக்கிறதும், தனக்குன்னு ஒதுக்கினது கிடைக்கிறதும் ஒண்ணு இல்ல.

இப்ப என்ன இருக்கு?

ஒண்ணு, ஜே.ஆர்.எஃப். முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பொதுவா வயசு வரம்பு 30. பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

ரெண்டு, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் மத்திய ஓபிசி பட்டியல்ல இருக்காங்க. மாநில சான்றிதழ் மட்டும் பத்தாது. கிரீமி லேயர்ல இல்லைன்னு மத்திய அரசு படிவத்துல சான்றிதழ் வாங்கி வச்சுக்கணும்.

மூணு, நேரம். யுஜிசியோட 2022 விதிப்படி பிஎச்டி முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலா ரெண்டு வருஷம் தரலாம். பிரசவம், குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பும் தரலாம். கல்யாணம் ஆயிடுச்சுன்னா ஆராய்ச்சி முடிஞ்சுடுச்சுன்னு யாராவது சொன்னா, இந்த விதியை எடுத்துக் காட்டுங்க.

கடைசியா ஒண்ணு. ஆராய்ச்சிக் கேள்விக்காக எங்கேயும் தூரமா தேட வேண்டாம். நோன்புக் கஞ்சியில இருக்குற அரிசியும் பருப்பும் நாள் முழுக்கப் பட்டினி இருந்த உடம்புல சர்க்கரையை எப்படி ஏத்துது? மிட்டாயில இருக்குற ஜெலட்டின் எந்த விலங்கோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூக்கால் பக்கம் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டு வைக்கிறாங்களே, அந்தப் புகை பூண்டுக்குள்ள என்ன செய்யுது? வீட்டுல, ஊர்ல கேட்டு வளர்ந்தவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதல்ல தோணும்.

உங்க வீட்டுல, தெருவுல முதுநிலை முடிச்சுட்டு யோசிச்சுக்கிட்டிருக்குற ஒரு தங்கச்சி இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி விடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.