நாய்க்குட்டிக்கு முதற்பாடம்



குழந்தையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்புமுன் பெற்றோர் எத்தனையோ ஆயத்தங்கள் செய்கின்றனர். ஆனால், வீட்டில் வளரும் நாய்க்குட்டியை நீராட்டி, முடி திருத்தி, நகம் நறுக்கும் நிலையத்திற்கு முதன்முறை அழைத்துச் செல்லுங்கால் எவ்வித ஆயத்தமும் வேண்டுவதில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். அறியாத இடம், அறியாத கை, இரைச்சலிடும் இயந்திரம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சூழ்ந்துகொண்டால், அச்சிற்றுயிர் அஞ்சாமல் என் செய்யும்?

அன்று பிறக்கும் அச்சம் அன்றோடு ஒழிவதில்லை. கை பட்டாலே சீறும் நாய்க்கு மருத்துவர் ஊசி போடுவது அரிது. காதிலுள்ள புண்ணையும் விரலிடுக்கிலுள்ள உண்ணியையும் கண்டறிவது அதனினும் அரிது. ஒருநாள் அது யாரையேனும் கடித்துவிடின், வளர்த்தவரே அதனைத் தெருவில் விட்டுவிடுவதும் உண்டு.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த விதிகள் இரண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. மாணவரிடம் பல்லாண்டு கையாண்ட இவ்விதிகளை, ஓய்வு பெற்றபின் என் பேரப்பிள்ளைகளின் பொமரேனியன் குட்டியிடமும் கையாண்டு பயன் கண்டேன்.

முதற்கண் பருவத்தை நோக்குவோம். ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் நாய்க்குட்டிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரை, குட்டி புதியனவற்றோடு எளிதில் பழகும் பருவம் என்பது அவர்கள் காட்டிய உண்மை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கூறுவதும் இதுவே. ஆயினும், தடுப்பூசிகள் போடப்பெறும் காலமும் இதுவேயாம். பார்வோ என்னும் கொடிய நோய் குட்டிகளின் உயிரைக் கவர்வது. ஆகவே, பிற நாய்கள் வந்து போகும் நிலையத்திற்கு எப்போது செல்லலாம் என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அதுவரை வீடே பள்ளிக்கூடம்.

இனி, பாட முறை. ஓர் ஓசையையும் அதனை அடுத்து வரும் உணவையும் நாய் தன் மனத்தில் இணைத்துக்கொள்ளும் என்பதை ருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ் காட்டினார். நாமும் முதலில் தொட்டு, உடனே ஒரு சிறு தின்பண்டம் அளித்தல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. விளையாடிக் களைத்த வேளையில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். முதலில் தோளும் முதுகும், சில நாள் சென்றபின் காது, பின்னர் பாதம், அதன்பின் ஒவ்வொரு விரலாக மெல்ல அழுத்துதல். உதட்டைச் சிறிது உயர்த்திப் பல்லைப் பார்ப்பதும் ஒரு பாடமே.

கருவிகளையும் இவ்வாறே அறிமுகம் செய்க. சீப்பைத் தரையில் வைத்து முகர்ந்து பார்க்க விடுக. மறுநாள் ஒரே ஒருமுறை வாரிவிடுக. முடி உலர்த்தும் இயந்திரத்தை முதலில் அடுத்த அறையில் ஓடவிட்டு, குட்டி உண்ணும்போது அவ்வோசை தொலைவிலிருந்து கேட்கச் செய்க. நாளுக்கு நாள் சிறிது அருகில் கொணர்க. நகத்தினுள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் உள்ளன. வெண்ணகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், கருநகத்தில் தெரியாது. ஆகவே, நுனியை மட்டுமே நறுக்குதல் வேண்டும். ஒருமுறை வலி கண்ட குட்டி மறுமுறை பாதத்தை எளிதில் நீட்டாது.

மாணவன் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் ஆசிரியனாகான். குட்டி உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், தலையைத் திருப்புதல், வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் முந்தைய பாடத்திற்குத் திரும்புக. உறுமினால் அடிக்கலாகாது. உறுமல் எச்சரிக்கை, அதனை அடித்து அடக்கினால், பின்னர் எச்சரியாமலே கடிக்கும் நாயாக அது வளரக்கூடும்.

நிலையத்திற்கு முதல்நாள் செல்வது இடத்தை முகர்ந்து, அங்குள்ளவர் கையால் ஒரு தின்பண்டம் பெற்றுத் திரும்புவதற்கே என்று கொள்க. அடுத்த முறை நீராட்டும் நகமும் மட்டும் போதும். முடி திருத்துதல் அதற்கும் பிறகு. புறப்படுமுன் வயிறு நிறைய உணவளியாது, சிறிது நடத்தி, சிக்கு நீக்கிச் செல்க. குட்டி எதற்கு அஞ்சும் என்பதைப் பணியாளரிடம் மறவாது கூறுக. கட்டி வைத்தேனும் வேலையை முடிப்போம் என்பவரிடம் குட்டியை ஒப்படைக்க வேண்டாம்.

இவ்வளவு பொறுமை ஒரு நாய்க்குட்டிக்கு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு நம்மோடு வாழக்கூடிய உயிர் அது. அத்தனை ஆண்டும் நோயுற்ற வேளையில் அஞ்சாமல் நம் கையில் பாதத்தைத் தருமாயின், தொடக்கத்தில் செலவிட்ட சில வாரங்கள் மிகையாகா.